அடி தேடியவரும் முடி தேடியவரும்

அடி அண்ணாமலை

அன்புள்ள தம்பிக்கு,

பணிவு என்றதும் தலையைக் குனிந்து நிற்பதுதான் நம் நினைவுக்கு வருகிறது. யூதர்களின் அறநூல்களைப் படித்தபின், தன் அளவை உள்ளபடி சொல்லும் துணிவே பணிவு என்று எனக்குத் தோன்றுகிறது. நம் அண்ணாமலையின் கதையும் அதைத்தான் சொல்கிறது. பன்றியாகிச் சிவனின் அடியைத் தேடிய திருமால், காணவில்லை என்று ஒப்புக்கொண்டார். அன்னமாகி முடியைத் தேடிய பிரமனோ தாழம்பூவைச் சாட்சிக்கு வைத்துக் கண்டேன் என்றார். இருவருக்கும் தோல்விதான்; பொய் சொன்னவருக்கே கோயில் இல்லாமல் போனது. தாழம்பூவும் சிவபூசைக்கு ஆகாததாயிற்று. ஒருவருடைய அகந்தைக்காக, பாவம், அந்தப் பூவும் கெட்டது.

ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன் ஹில்லேல், ஷம்மாய் என்னும் இரு ஆசிரியர்களின் மாணவர்கள் மூன்று ஆண்டுகள் வாதாடியதாக யூதர்களின் அறநூலான தால்மூத் சொல்கிறது. இரண்டு தரப்பின் சொல்லும் இறைவனின் சொல்லே, ஆனால் நடைமுறைக்கு ஹில்லேல் பள்ளியின் தீர்ப்பே என்று வானிலிருந்து ஒரு குரல் கேட்டதாம். ஏன்? அவர்கள் பொறுமைசாலிகள், எதிர்த்தரப்பின் கருத்தையும் கற்பித்தார்கள், அதையும் தங்கள் கருத்துக்கு முன்பாகவே சொன்னார்கள். இதில் நான் திரும்பத் திரும்ப நின்றுபோகிறேன். எதிராளி சொன்னதை அவன் ஒப்பும்படி எடுத்துச் சொல்ல, அவனை முழுக்கக் கேட்டிருக்க வேண்டும். அப்படிக் கேட்டவனின் தீர்ப்பில் பிழை குறையும்.

'அடங்கி நட' என்று ஏழையிடமும் பெண்ணிடமும் ஒடுக்கப்பட்ட சாதியாரிடமும்தானே காலமெல்லாம் சொல்லியிருக்கிறார்கள் என்று நீ கேட்கலாம். நியாயமான கேள்வி. வலியவன் எளியவனிடம் கேட்டு வாங்குவது பணிவே அல்ல. மண்ணில் எல்லாரையும்விடப் பணிவுள்ளவர் என்று யூத வேதம் சொல்லும் மோசேதான், எகிப்து மன்னன் முன் நின்று தம் மக்களை விடுவிக்கச் சொன்னவர். 12-ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ், பெரும்பாலான குணங்களில் நடுவழியே நல்லது என்றவர். செருக்கையும் கோபத்தையும் மட்டும் அடியோடு விடச் சொன்னார். அப்படியானால் கற்றவன் நிமிர்ந்து நிற்பது எப்படி? எட்டில் ஒன்றின் எட்டில் ஒரு பங்கு, அதாவது 64-இல் ஒரு பங்கு செருக்கு அவனுக்கு வேண்டும் என்கிறார் தால்மூத்தில் ஒருவர். அதுவும் கூடாது என்கிறார் இன்னொருவர். இரண்டையும் அழிக்காமல் அடுத்தடுத்து எழுதி வைத்திருக்கிறார்கள்.

அன்புடன்,
அண்ணன்