மணவிழா ஆடையும் பெருநாள் ஆடையும்: ஓர் இலக்கிய நோக்கு

திருமண அழைப்பிதழ் கைக்கு வந்து சில நாள்கள் கழிந்தபின், இக்காலத்தில் மற்றோர் அறிவிப்பும் வருகின்றது. மருதாணி இரவுக்கு மஞ்சள், நிக்காஹ் அன்று பெண்வீட்டு மகளிர் அனைவரும் இளம்பச்சை, வலீமாவுக்கு ஆண்வீட்டார் அனைவரும் நீலம் என்று கைப்பேசியில் வண்ணக் கட்டங்களாக அச்செய்தி அமைகின்றது. நோன்புப் பெருநாளன்று பெற்றோரும் பிள்ளைகளும் ஒரே துணியில் உடுத்துப் படம் எடுத்துக்கொள்ளுதலும் வழக்காகி வருகின்றது. முதியோர் இதனைப் புதுமோகம் எனக் கடிவர். இளையோர் மகிழ்ச்சி என்பர். விழாவுக்கென ஆடையை வகுத்துக்கொள்ளுதல் புதியது அன்று. ஆனால் அவ்வாடையை யார் கொடுத்தார், யார் பெற்றார் என்னும் வினாவை எழுப்பினால், பழைய வழக்குக்கும் இன்றைய வழக்குக்கும் உள்ள வேறுபாடு புலனாகும். அதனைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் வழக்கும்

தமிழில் ஆடையைக் குறிக்கும் பழஞ்சொற்கள் பல, தறியிலிருந்து வெட்டி எடுக்கப்படுவது என்னும் பொருளில் தோன்றியவை. அறுக்கப்படுவது அறுவை, துணிக்கப்படுவது துணி, துண்டும் அவ்வாறே. கூறை என்னும் சொல்லையும் கூறு என்பதனோடு சேர்த்து எண்ணுவர். கூறையே பின்னாளில் மணப்பெண்ணின் ஆடைக்குச் சிறப்பாக உரியதாயிற்று. மயிலாடுதுறையை அடுத்த கூறைநாடு, பட்டும் பருத்தியும் கலந்து நெய்த கூறைப்புடவைக்குப் பெயர்பெற்ற ஊர் என்பதைத் தஞ்சைத் தரணியின் மாணவர்கள் அறிவர்.

அகநானூற்றின் 86ஆம் பாடலும் 136ஆம் பாடலும் பழந்தமிழர் மணவிழாவை விரித்துரைப்பவை. பந்தலும் புதுமணலும் விளக்கும் உழுந்துக் களியும் அவற்றுள் இடம்பெறுகின்றன. 86ஆம் பாடலில் மகவு ஈன்ற மகளிர் நால்வர் மணமகளை நீராட்டி வாழ்த்துகின்றனர். இரு பாடல்களிலும் தலைவி கலிங்கத்தால் உடல் முழுதும் போர்த்து நாணி ஒடுங்குகின்றாள். 86ஆம் பாடலில் அக்கலிங்கம் கோடிக் கலிங்கம் எனப்படுகின்றது. கோடி என்றால் புத்தாடை. இன்றும் கிராமங்களில் இச்சொல் வழங்குகின்றது. மங்கலத்துக்கும் கோடி, இறந்தார்க்குப் போர்த்துவதும் கோடி. ஈண்டு நோக்கற்பாலது யாதெனில், இப்பாடல்களில் ஆடை பற்றிய பேச்சு மணமகள் ஒருத்தியோடு நின்றுவிடுகின்றது. வந்திருந்த சுற்றத்தார் இன்னதை உடுத்தனர் என்று புலவர் கூறவில்லை.

கொடுத்து உடுத்த மரபு

விருந்தினர் உடை பற்றிப் பேசும் இலக்கியம் ஒன்று உண்டு. பொருநராற்றுப்படையில் வறிய பொருநன் கரிகாலனின் அரண்மனையை அடைகின்றான். அவன் உடுத்திருந்தது ஈரும் பேனும் குடியேறிய, வேற்றுநூல் நுழைந்து தைத்த கந்தல். மன்னன் முதலில் அக்கந்தலைக் களைந்து, இழை போகும் வழி கண்ணுக்குப் புலனாகாத மெல்லிய பூவேலை ஆடையை உடுத்துவிக்கின்றான். பாம்பின் சட்டையைப் போன்றது அவ்வாடை என்கிறார் முடத்தாமக்கண்ணியார். அதன் பின்னரே கள்ளும் ஊனும் சோறும் வருகின்றன. அவைக்கு ஏற்ற உடை வேண்டுமெனின் அதனை அளிப்பது அவைக்குரியவன் கடமை என்பதே இங்குள்ள நெறி. நுண்ணிய துணியை விரும்பியதில் குறை காண இடமில்லை.

வண்ணமும் வகையும் தமிழர்க்குப் புதியன அல்ல. சிலப்பதிகார ஊர்காண் காதையில் மதுரைத் துணிக்கடை வீதிக்கு உரை வகுக்கும் அடியார்க்கு நல்லார், கோசிகம், பீதகம், குருதி, கோங்கலர், சித்திரக்கம்மி, பொன்னெழுத்து, தேவகிரி என 36 வகைத் துகில்களை அடுக்குகின்றார். அவற்றுள் சில நிறத்தால் பெற்ற பெயர்கள். சில ஊரால் பெற்றவை. இன்று கடையில் தரப்படும் நிற அட்டையைக் கண்டு வியக்கும் மாணவியர் இவ்வுரைப் பகுதியை ஒருமுறை படித்தல் நன்று.

மதீனாவின் மணவாடை

இஸ்லாமிய மரபிலும் இதே செய்தி வேறு வடிவில் கிடைக்கின்றது. ஸஹீஹுல் புகாரியில், மணமகளுக்காக ஆடை இரவல் பெறுதல் என்று ஒரு தலைப்பே உண்டு. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் முதுமையில் ஐந்து திர்ஹம் விலையுள்ள முரட்டுத் துணியாலான அங்கி ஒன்றை அணிந்திருந்தார்கள். தம்மைக் காண வந்தவரிடம், வீட்டுக்குள் உடுத்தக்கூட இதனைத் தம் பணிப்பெண் இழிவாகக் கருதுகின்றாள் என்று கூறினார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் தம்மிடம் இத்தகைய அங்கி ஒன்று இருந்ததென்றும், மதீனாவில் எந்தப் பெண்ணை மணத்துக்கு அலங்கரித்தாலும் அதனை இரவல் கேட்டு ஆள் அனுப்பாமல் இருந்ததில்லை என்றும் சொன்னார்கள். ஓர் ஊரின் மணமகளிர் பலர் ஒரே ஆடையில் மணக்கோலம் பூண்டனர்! ஒரே ஆடை என்பதற்கு இப்படியும் ஒரு பொருள் உண்டு.

அலீ (ரலி) அவர்கள் தம் கவசத்தையே மஹராகக் கொடுத்துப் பாத்திமா நாயகியை மணந்த வரலாறு யாவரும் அறிந்தது. அத்திருமணத்தை உமறுப்புலவர் சீறாப்புராணத்து ஹிஜ்றத்துக் காண்டத்தில் ஒரு படலமாகப் பாடியுள்ளார். அரபு நாட்டு மணத்தைப் பாடும்போதும் அவர் தமிழ்க் காப்பியத்துக்குரிய அணிநலனைக் கைவிடவில்லை. எளிமையை வரலாற்றில் போற்றி, அலங்காரத்தைக் காவியத்தில் சுவைத்தவர்கள் நம் முன்னோர். இதனை முரண் என்று கொள்ள வேண்டுவதில்லை.

பெருநாளுக்கு, இருப்பனவற்றுள் நல்லதை உடுத்துதல் விரும்பத்தக்கதாகும். புதிதாகத்தான் இருக்க வேண்டும் என்பது நாமே ஆக்கிக்கொண்ட விதி. உமர் (ரலி) அவர்கள் கடைத்தெருவில் கண்ட பட்டு அங்கியைப் பெருநாளுக்கும் தூதுக் குழுவினரைச் சந்திப்பதற்கும் வாங்குமாறு கூறியபோது, ஆடவர்க்குப் பட்டு ஆகாது என்பதால் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்தார்கள். ஆயினும் பெருநாளுக்கென அழகாக உடுத்துவதை அவர்கள் தடுக்கவில்லை என்பது கருதத்தக்கது. இவ்விலக்கை ஒட்டி ஒரு நெசவுக் கலையே வளர்ந்தது. குஜராத்தின் பட்டான் நகரில் நெய்யப்படும் மஷ்ரு என்னும் துணியில் வெளிப்புறம் பட்டுப் பாவு பளபளக்கும். உடலைத் தொடும் உட்புறம் பருத்தி ஊடையாக இருக்கும். மஷ்ரு என்பதற்கு அனுமதிக்கப்பட்டது என்பதே பொருள்.

ஒரே நிறம் யாருக்குச் சுமை?

சுற்றத்தார் அனைவரும் ஒரே துணியில் விழாவுக்கு வருதலை முழுமையான வழக்காக வளர்த்தவர்கள் நைஜீரியாவின் யொருபா மக்கள். அசோ எபி என்பது அதன் பெயர். அசோ என்றால் துணி, எபி என்றால் குடும்பம். குடும்பத்தின் ஒற்றுமையைக் காட்ட எழுந்த அவ்வழக்கம் இன்று நண்பர்களையும் உடன் பணிபுரிவோரையும் தழுவி விரிந்துவிட்டது. விழாக்காரர் தேர்ந்த துணியை வருவோர் விலை கொடுத்து வாங்கவேண்டும்; வாங்க இயலாதார் கூட்டத்தில் தனித்துத் தெரிவர் என்ற முறையீடு அந்நாட்டிலேயே நெடுங்காலமாக உள்ளது. நம்மிடையே இப்பொழுதுதான் தொடங்குவது அங்கே முற்றிய நிலையில் இருக்கின்றது.

நம் வீடுகளில் இதனை முதலில் உணர்பவர் சிற்றப்பா வீட்டு மகளோ, கணவனை இழந்த மாமியோ ஆவர். நிக்காஹ் ஒன்றுக்குப் புடவை எடுக்கவே கடன்பட்டவர், மூன்று நாளுக்கு மூன்று நிறம் என்றால் உடல்நலமில்லை என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடுவார். அவர் வராமைக்குக் காரணம் யாருக்கும் தெரியாது. ஆதலால் நிறம் குறிக்க விரும்பும் குடும்பத்தார் கரிகாலன் செய்ததைச் செய்யலாம். உடன்பிறந்தார் பிள்ளைகள் வரைக்கும் துணியைத் தாமே எடுத்துக்கொடுப்பது ஒரு வழி. அது இயலாதெனின், இன்ன துணி என்று குறிக்காமல் பச்சைச் சாயலில் எதுவாயினும் என்று மட்டும் சொல்லலாம். எல்லோர் பெட்டியிலும் பச்சையில் பழைய புடவை ஒன்று கிடைக்கும்.

துணி எடுப்பதிலும் சில நுட்பங்கள் உள. ஒரே நிறம் என்று வெவ்வேறு நாளில் வாங்கினால் ஒவ்வாது. சாயத்தொட்டியில் ஒவ்வோர் ஈடும் சற்றே மாறும். ஒரே ஈட்டில் சாயமேற்றிய துணியை ஒருங்கே எடுத்தல் வேண்டும். கடைக்குள் குழல்விளக்கில் ஒத்துத் தோன்றும் இரு பச்சைகள் வெயிலில் வேறுபடும். ஆதலின் வாயிலுக்கு எடுத்துவந்து பார்த்தல் நலம். ரமலான் பிறை பதினைந்தைத் தாண்டினால் தையற்காரர் புதுத்துணி வாங்கமாட்டார். ஷஃபானிலேயே அளவு கொடுத்துவிடுதல் இருசாராருக்கும் எளிது.

மணமகனுக்கு ஷெர்வானி எடுப்போர் அது உண்மைப் பட்டா, செயற்கை இழையா என்று ஐயுறுவது உண்டு. ஓரத்திலிருந்து நூலிழை ஒன்றை உருவித் தீயில் காட்டிப் பார்க்கலாம். முடி கருகும் நாற்றம் எழுந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. காகிதம் எரியும் மணம் வந்தால் ரேயான். உருகிச் சுருண்டு கடினமான மணியாக நின்றால் பாலியெஸ்டர்.