நிதிநடைக்குத் திரும்பி வருவோருக்கு

பாடசாலைக் காலத்தில் கையில் ஓர் அட்டையுடன் அயலட்டமெல்லாம் திரிந்து, "இத்தனை மைல் நடக்கப் போகிறேன், மைலுக்கு எவ்வளவு போடுவீர்கள்?" என்று கேட்டவர்கள் நமது வாசகர்களிடையே பலர் இருப்பர். பின்னர் படிப்பு, தொழில், குடும்பம், இடப்பெயர்வு என்று காலம் கடந்துவிட்டது. இன்று நாற்பது வயதில், தம் பிள்ளை கொண்டுவரும் அட்டையைக் கண்டதும், "நாமும் ஒருக்கால் நடந்து பார்ப்போமே" என்ற எண்ணம் அவர்களுக்கு எழுகின்றது. நல்ல எண்ணந்தான். ஆயினும் பன்னிரண்டு வயதில் நடந்த நடையும் நாற்பதில் நடக்கும் நடையும் ஒன்றாகா. அன்று என்ன கேட்பது என்பதை ஆசிரியர் சொல்லித் தந்தார்; சேர்ந்த காசை வேறொருவர் எண்ணினார்; அது எங்கே போயிற்று என்று நாம் விசாரிக்கவுமில்லை. வளர்ந்தவருக்கோ இவை மூன்றும் தம் தலைமேல் வரும் பொறுப்புகள்.

மடுவுக்கு நேர்த்தி வைத்துக் கால்நடையாகப் போய்ப் பழகியவர்கள் நாம். அந்த நடை இறைவனுக்கும் நடப்பவருக்கும் இடையிலுள்ளது. அதற்குப் பற்றுச்சீட்டு இல்லை. நிதிநடையில் மூன்றாம் ஆள் ஒருவர் இருக்கிறார். அவர் பெயரைச் சொல்லித்தான் நாம் காசு கேட்கிறோம்.

எப்படிக் கேட்பது என்பதற்கு ரெறி பொக்ஸ் என்ற கனேடிய இளைஞரைப் பார்க்கலாம். புற்றுநோயால் வலது காலை இழந்த இவர், 1980 சித்திரை 12ஆம் திகதி அத்திலாந்திக் கரையிலிருந்து செயற்கைக் காலுடன் ஓடத் தொடங்கினார். 143 நாட்களில் 5,373 கிலோமீற்றர் ஓடிய பின், நோய் நுரையீரலுக்குப் பரவியதால் நிறுத்த வேண்டியதாயிற்று. 1981 ஆனி 28இல், 22 வயதில் இறந்தார். அவர் தம் நாட்டாரிடம் கேட்டது ஆளுக்கு ஒரு டொலர். 1981 மாசி தொடக்கத்தில் 2 கோடி 40 இலட்சம் டொலருக்கு மேல் சேர்ந்திருந்தது. ஏறக்குறைய அந்நாட்டின் சனத்தொகை அளவு. இன்று ரொறன்ரோவில் வளரும் நம் பிள்ளைகள் ஆண்டுதோறும் புரட்டாதியில் பாடசாலையில் இவர் பெயரால் ஓடுகிறார்கள், நடக்கிறார்கள். வளர்ந்தவர்கள் செய்வது பெரும்பாலும் இதற்கு மாறானது. வசதியான நண்பர் இருவரிடம் பெருந்தொகை வாங்கி அலுவலை முடித்துக்கொள்வர். சிறுதொகையைப் பலரிடம் கேட்பது சிரமம். ஆனால் ஐம்பது ரூபா போடக்கூடியவரையும் கொடுப்பவராக மதிப்பது அந்த வழியே.

நம் நாட்டிலேயே நடந்த ஒன்று இதைவிட நெருக்கமானது. 2011 ஆடி மாதம், நேதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவே ஆகிய இருவர் முன்னின்று 'ட்ரெயில்' என்ற நடையைத் தொடங்கினர். தெற்கே தேவேந்திர முனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றர், 27 நாட்கள்; நாளொன்றுக்குச் சுமார் 25 கிலோமீற்றர். தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை ஒன்று அமைப்பதே நோக்கம். வன்னி நோயாளர் கொழும்பை அடுத்த மகரகமைக்குப் போய்த் தங்கிச் சிகிச்சை பெற்ற சிரமத்தை அறிந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். மருத்துவமனையும் எழுந்தது. ஐந்து ஆண்டுகளின் பின், 2016 ஐப்பசி 5ஆம் திகதி, நடை திரும்பி வந்தது; இம்முறை திசை மாற்றி. பருத்தித்துறையில் புறப்பட்டு, 28 நாட்களில், கார்த்திகை 1ஆம் திகதி தேவேந்திர முனையை அடைந்தது. சேர்ந்த பணம் காலி கராப்பிட்டியப் புற்றுநோய் மருத்துவமனைக்கு. முன்னர் பெற்றுக்கொண்ட வடக்கு, தென்னிலங்கை நோயாளருக்காகப் புறப்படும் இடமாயிற்று. திரும்பி நடப்பதென்றால் இப்படியல்லவா!

புதுக்குடியிருப்பு அந்த நடை சென்ற ஏ-9 வீதியில் இல்லை. பரந்தனில் கிழக்கே திரும்பி, தருமபுரம், விசுவமடு கடந்து ஏ-35 வீதியால் போகவேண்டும். அதே வீதி முள்ளிவாய்க்கால், வட்டுவாகல் பாலம் வழியாக முல்லைத்தீவை அடைகின்றது. இப்பெயர்களைச் சொல்லும்போதே அவ்வூரவர்க்கு வேறொரு நடை நினைவுக்கு வரும். 2009 மாசி முதல் வாரத்தில் புதுக்குடியிருப்பு ஆசுபத்திரி எறிகணை வீச்சுக்குள்ளாகி, நோயாளர் அங்கிருந்து அகற்றப்பட்டனர். சனங்கள் கடற்கரைப் பக்கம் நடந்தனர். வைகாசியில் வட்டுவாகல் பாலத்தையும் நடந்தே கடந்தனர். அதன்பின் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம். 2012 புரட்டாதியில் அது மூடப்பட்டபோது கடைசியாக வெளியேறியவர்களுள் மந்துவில், கேப்பாப்பிலவு மக்களும் இருந்தனர்.

ஆகவே அவ்வூரில் பிறந்து, வெளியே போய், ஆண்டுகள் பல சென்று வருபவர் ஒருவர் அந்த வீதியில் நிதிநடை நடக்க விரும்பினால், நாளையும் பாதையையும் தாமாகவே தீர்மானித்துவிடக் கூடாது. அங்கேயே இருந்தவர்களிடம் முதலில் கேட்கவேண்டும். வைகாசி நடுப்பகுதி அவர்களுக்குத் துக்க நாட்கள். சிலர் கூட நடக்க வருவர். சிலர் படலையில் நின்று பார்ப்பர். சிலர் கதவைச் சாத்திக்கொள்ளவும் கூடும். மூன்றும் நியாயமே. பெறுபவரின் முகத்தைப் படம்பிடித்துப் பதாகையில் போடும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். பெற்றுப் பெற்றே களைத்த ஊர் அது. அவ்வூரவரையும் கொடுக்க அழையுங்கள். வேறொரு மாவட்டத்து நோயாளருக்காக அவர்களும் நடக்கட்டும்.

உடம்பைப் பற்றியும் ஒரு சொல். பத்துக் கிலோமீற்றர் நடக்க வேண்டுமானால் எட்டு வாரங்களுக்கு முன்பே தொடங்கி, வாரம் வாரம் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். புதுச் சப்பாத்தை அன்றுதான் முதன்முதலாகப் போடுவது கொப்புளத்துக்கு வழி. நீரிழிவு உள்ளவர் நடக்கு முன்னும் பின்னும் பாதத்தைப் பார்க்கவேண்டும். வலி தெரியாமலே புண் வரும். இரத்த அழுத்தமோ நெஞ்சு வருத்தமோ உள்ளவர் வைத்தியரைக் கேளாமல் இறங்கவேண்டாம். வன்னி வெயில் ஒன்பது மணிக்கே சுடும்; விடியற்புறம் புறப்படுங்கள். மணல் ஏற்றிய டிப்பர்கள் ஓடும் வீதியாகையால், எதிரே வரும் வாகனம் கண்ணில் படும்படி வலப்பக்க ஓரமாக நடப்பது நல்லது. அவசரத்துக்கும் பற்றைக்குள் இறங்கக் கூடாது. மிதிவெடி அகற்றும் பணி முற்றாக முடியாத மாவட்டம் அது.

இனிக் கணக்கு. மேற்சட்டை அச்சடித்ததற்கும், சாப்பாட்டுப் பொதிக்கும், பதாகைக்கும் போன செலவைத் தனியாக எழுதி வெளியிடவேண்டும். சேர்ந்த நிதியில் அரைவாசியை மேற்சட்டையே உடுத்திக்கொண்டால் ஏழைக்கு என்ன மிஞ்சும்? ஒரு மாத விடுமுறையில் வந்து நடந்துவிட்டு விமானம் ஏறுகிறவர், காசு உரியவர் கைக்குப் போய்ச் சேர்வதைக் கவனிக்க ஊரில் இருவரையாவது பொறுப்பாக விட்டுச் செல்லவேண்டும். அட்டையில் பெயர் எழுதிய ஒவ்வொருவருக்கும், தொகை எவ்வளவாயினும், இன்னாருக்கு இவ்வளவு கொடுக்கப்பட்டது என்று ஒரு துண்டாவது எழுதிக் கொடுங்கள். அடுத்த முறை அதே ஒழுங்கையால் போகையில், ஐம்பது ரூபா போட்ட ஆச்சி படலையில் நின்று கேட்பார்: "தம்பி, அந்தக் காசு போய்ச் சேர்ந்ததோ?"