பாலாற்றின் கணக்கை எழுதுவது யார்?

நம் வர்த்தகர்கள் கணக்கு எழுதுவதில் யாருக்கும் இளைத்தவர்கள் அல்லர். சரக்கின் கொள்முதல், கப்பல் கூலி, சுங்கத் தீர்வை, கடை வாடகை, ஆட்களின் சம்பளம், விளக்குக் கட்டணம் வரை ஒரு காசு விடாமல் செலவில் ஏற்றுவார்கள். ஆண்டுக் கடைசியில் ஐந்தொகை எடுத்து, ஜகாத்துக்குரிய தொகையையும் பிரித்து வைப்பார்கள். ஆயினும் ஒரு செலவு மட்டும் பெரும்பாலான பேரேடுகளில் இடம் பெறுவதே இல்லை. தண்ணீரைச் சுத்தமாக வாங்கி அழுக்காக வெளியே விடுகிறோமே, அந்த அழுக்கின் விலை எங்கே எழுதப்பட்டிருக்கிறது? எழுதாமல் விட்ட செலவு இல்லாமற் போய்விடுவதில்லை. நம் கடைக்கு ஒரு நாளும் வராத யாரோ ஒருவர் அதைக் கட்டிக்கொண்டிருக்கிறார். அந்த ஒருவர் யார் என்று தேடுவதே இந்தப் பாடம்.

தேடுவதற்குப் பாலாற்றங்கரையை நாம் தேர்ந்துகொண்டோம். காரணம், அங்கே கணக்கில் விடுபட்ட செலவு மிகப் பெரிது. அந்தப் பேரேட்டை எழுதியவர்களிலும் நம்மவர்களே அதிகம். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என்று வட ஆர்க்காட்டில் பாலாற்றை ஒட்டிய ஊர்களில் தோல் பதனிடும் தொழிலைத் தலைமுறை தலைமுறையாக நடத்தி வருபவர்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். அங்கே பதனிட்ட தோல் சென்னைப் பெரியமேட்டு மண்டிகளுக்கு வந்து, அங்கிருந்து கப்பலேறிச் சீமைக்குப் போயிற்று. (பெரியமேட்டுச் சந்துகளில் ஒருமுறை நடந்தவர்களுக்கு அந்த வாடை மறக்காது.) அந்த வர்த்தகத்தில் சேர்ந்த செல்வம் நம் சமுதாயத்துக்குச் செய்த நன்மையை மறப்பது நன்றிகேடாகும். 1919-ல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. தோல் வர்த்தகர் ஜமால் முஹம்மது சாகிபின் பெயரைத் தாங்கி 1951-ல் திருச்சியில் ஒரு கல்லூரி எழுந்தது. மேல்விஷாரத்துத் தோல் வர்த்தகர் அப்துல் ஹக்கீம் சாகிபின் பெயரால் அவ்வூரில் 1965-ல் மற்றொன்று எழுந்தது. அங்கே படித்த பிள்ளைகள் இன்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நம்மிடையே இருக்கிறார்கள்.

இனி ஆற்றைப் பார்ப்போம். பாலாறு கர்நாடகத்து நந்தி மலையில் பிறந்து, ஆந்திரத்தைச் சிறிது தொட்டு, வாணியம்பாடிக்கு மேற்கே தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. மொத்தம் 348 கிலோமீட்டர் நீளத்தில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில் இருக்கிறது. ஆனால் ஆண்டில் பெரும்பகுதி அதில் கண்ணுக்குத் தெரிய நீர் ஓடாது, வெறும் மணல்தான். நீர் மணலுக்கு அடியில் இருக்கும். ஊர்க் கிணறுகளும் வயற்கிணறுகளும் அந்த அடிநீரை நம்பியே வெட்டப்பட்டவை. ஓடுகிற ஆற்றில் கழிவைக் கொட்டினால் வெள்ளமாவது அடித்துக்கொண்டு போகும். மணலாற்றில் கொட்டியது எங்கே போகும்? கீழே இறங்கும், இறங்கிய இடத்திலேயே தங்கும், மெல்ல மெல்ல அக்கம்பக்கத்துக் கிணறுகளுக்குள் ஊறும். பாலாற்றின் துன்பத்துக்கு இந்த அமைப்பே பாதிக் காரணம்.

மறுபாதிக் காரணம் பதனிடும் முறை. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க, அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை உப்பு தடவுகிறார்கள். தொழிற்சாலைக்கு வந்ததும் முதல் வேலை தோலை ஊறப்போட்டு அந்த உப்பைக் கழுவுவது. பிறகு சுண்ணாம்புத் தொட்டியில் முடியும் சதையும் நீக்கப்படும். அதன் பின்னரே பதனீடு. முன்னாளில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு வாரக்கணக்கில் பதனிட்டார்கள். அதிலும் நாற்றமும் கழிவும் இல்லாமல் இல்லை. பழைய முறை எல்லாம் தூய்மை என்று நாம் கதை சொல்லப் போவதில்லை. 1970-களில் இந்திய சர்க்கார் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்து, முழுதும் முடித்த தோலாகவும் காலணியாகவும் அனுப்பச் சொன்னது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி பெருகிற்று. ஆனால் அத்துடன் குரோமிய உப்பைக் கொண்டு ஓரிரு நாளில் பதனிடும் முறையும் பரவிற்று. தொட்டியில் போட்ட குரோமியத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தோலில் ஏறாமல் கழிவுநீரோடு போய்விடும். ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்கச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பு குறிப்பிடுகிறது.

அந்தத் தீர்ப்பு எப்படி வந்தது? வேலூர்க் குடிமக்கள் நலச் சங்கம் 1991-ல் வழக்குத் தொடுத்தது. 1996 ஆகஸ்டு 28-ல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுப்படி, தோல் பதனிடும் வட்டாரங்களில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ பயிருக்கு உதவாமற் போயிருந்தது. திண்டுக்கல் பக்கத்தில் 13 கிராமங்களில் எடுத்த கணக்கில், குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டிருந்தன. பெண்களும் பிள்ளைகளும் குடிநீருக்காக மைல் கணக்கில் நடப்பதையும் தீர்ப்பு சொல்கிறது. கெடுத்தவரே செலவை ஏற்கவேண்டும் என்பதும், கேடு வரும் என்று தெரிந்தால் முன்கூட்டியே தடுக்கவேண்டும் என்பதும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என்று இந்தியக் கோர்ட்டு அறிவித்தது. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்து, கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஏற்பாடு இல்லாதவற்றை மூடச் சொல்லிற்று. நஷ்டஈட்டை மதிப்பிட ஓர் ஆணையமும் அமைந்தது.

ஆணையம் 2001-ல் சொன்ன தொகையை நம் வர்த்தகர்கள் தாங்களே பென்சிலை எடுத்து வகுத்துப் பார்க்கவேண்டும். 547 தொழிற்சாலைகள் சேர்ந்து 29,193 பேருக்குக் கொடுக்கவேண்டியது சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய். தலைக்கு 9,200 ரூபாய்க்கும் சற்றுக் குறைவு. இது 1991 ஆகஸ்டு முதல் 1998 டிசம்பர் வரை, ஏழு ஆண்டுக்கும் மேற்பட்ட காலத்துக்கு. ஆக, தென்னையும் நெல்லும் போய், கிணறும் போன ஒரு குடியானவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,240 ரூபாய்! மாதத்துக்கு 103 ரூபாய். ஒரு ஜோடி நல்ல காலணி அன்று சீமையில் என்ன விலைக்கு விற்றது என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை.

இதையும் உடனே கொடுத்து முடித்தார்களா? இல்லை. வழக்கு மேல் வழக்காக நீண்டது. 2025 ஜனவரி 30-ல் சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் தலையிட்டு, நஷ்டஈடு வந்து சேராதவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் சர்க்கார் கொடுத்துவிட்டு, கெடுத்தவர்களிடமிருந்து வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றது. கெட்ட நிலமும் நீரும் சீர்ப்படும் வரை கெடுத்தவரின் பொறுப்பு தீராது என்றும் சொல்லிற்று. முதல் வழக்குக்கும் இதற்கும் இடையே 33 ஆண்டுகள். அன்று வழக்குப் போட்ட காலத்தில் வாலிபராக இருந்த குடியானவர் இன்று பேரன் பேத்தி எடுத்திருப்பார்.

பதனிடும் முதலாளிகளின் பக்கத்தையும் கேட்பது நியாயம். பலர் சிறிய தொழிற்சாலைக்காரர்கள். பிறர் தோலைக் கூலிக்குப் பதனிட்டுக் கொடுப்பவர்கள். விலையை நிர்ணயிப்பவர் கடல் கடந்து இருக்கும் கொள்முதல்காரர். அவர் நாட்டில் ஆற்றைக் காக்கும் சட்டங்கள் கடுமையானதும், அங்கிருந்த பதனீட்டு வேலையில் பெரும்பகுதி ஏழை நாடுகளுக்கு இடம் மாறிற்று. அங்கே ஆறு தெளிந்தது; இங்கே கிணறு கலங்கிற்று; காலணி மட்டும் முன்னைவிட மலிந்தது. ஆம்பூரில் ஆயிரக்கணக்கான பெண்கள் காலணித் தொழிற்சாலைகளில் வேலை செய்து குடும்பம் காக்கிறார்கள். ஆகவே எல்லாவற்றையும் ஒரே நாளில் மூடிவிடு என்பது அவர்கள் வயிற்றில் அடிப்பதாகும். ஆனால் அந்தப் பெண்களே மாலையில் வீடு திரும்பியதும் குடத்தைத் தூக்கிக்கொண்டு நல்ல தண்ணீருக்கு அலைகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். பிழைப்பா தண்ணீரா என்று அவர்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது எந்த நியாயத்தில் சேரும்?

வழி இல்லாமலும் இல்லை. தொட்டியில் எஞ்சிய குரோமியத்தை மக்னீசியம் ஆக்சைடு சேர்த்துப் படியவைத்து, மீட்டு, மறுபடியும் பயன்படுத்தலாம் என்று சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் காட்டியிருக்கிறது. மீட்ட குரோமியம் காசு அல்லவா? தோலை ஊறப்போடுமுன் உதறி உப்பைத் தட்டி எடுத்தால், தண்ணீரில் கரையும் உப்பு அந்த அளவுக்குக் குறையும். கஷ்டமெல்லாம் கரைந்த உப்பிலேதான். தீர்ப்புக்குப் பின் எழுந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நாற்றத்தையும் அழுகலையும் குறைத்தன; உப்பை அவற்றால் பிரிக்க முடியவில்லை. பின்னர் மெல்லிய சவ்வு வழியாக நீரை அழுத்திப் பிரித்து, மீதியைக் காய்ச்சி வற்றவைக்கும் கருவிகள் வந்தன. நீர் திரும்பக் கிடைத்தது. ஆனால் மலை மலையாகக் கலப்பு உப்பு மிஞ்சிற்று. அதை எங்கே வைப்பது? 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டையில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துத் தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 பேர் சேற்றில் மூழ்கி இறந்தனர். பிழைப்புத் தேடி மேற்கு வங்காளத்திலிருந்து வந்தவர்களே அவர்களில் அதிகம். பேரேட்டில் எழுதப்படாத செலவைக் கட்டியவர்களின் பட்டியலில் இவர்களையும் சேர்க்கவேண்டும்.

மார்க்கக் கல்வியின் முதற் பாடங்களில் இரண்டை இங்கே நினைவூட்ட விரும்புகிறோம். பதனிட்ட தோல் சுத்தமாகிவிடும் என்பது மதரஸாப் பிள்ளைகளும் அறிந்த சட்டம். ஒளுவுக்கு எடுக்கும் நீரின் நிறமும் சுவையும் வாடையும் மாறியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்பதும் அதே பிள்ளைகள் அறிந்ததே. தோலைச் சுத்தமாக்கிய கை, பக்கத்துத் தெருப் பள்ளிவாசல் கிணற்றின் நிறத்தையும் சுவையையும் வாடையையும் மாற்றிவிட்டால் முதற் சட்டத்தை மட்டும் படித்தவர் ஆவோம். கிணற்றைச் சுற்றி ‘ஹரீம்’ என்று ஓர் எல்லை வகுத்து, அதற்குள் அந்தக் கிணற்றுக்குக் கேடு வரும்படி எதுவும் செய்யலாகாது என்று நம் சட்ட அறிஞர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே எழுதி வைத்தார்கள். குறிப்பிட்ட ஆறுகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மிகுதியாகக் கேடு விளைக்கும் தொழிற்சாலைகள் கூடாது என்று தமிழ்நாடு சர்க்கார் 1989-ல் ஆணையிட்டது. இரண்டும் ஒரே கருத்துதான்.

இதெல்லாம் இந்தியாவின் விவகாரம், நாமோ இங்கே தோல் பதனிடவில்லை என்று சிலர் சொல்லக்கூடும். மெய்தான், ஆனால் நம்மவர்களில் எத்தனை பேர் உணவகம் நடத்துகிறார்கள்! 2020 செப்டம்பர் 3-ல் சிலாங்கூரில் ரவாங்கை அடுத்த கோங் ஆற்றில் ஆலைக் கழிவு கலந்தபோது, நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை நிறுத்தவேண்டி வந்தது. கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலுமாக 1,292 பகுதிகளில் குழாய் நின்றது. குழாய் நின்றதும் உணவகக்காரர்கள் பலர் கடையைச் சாத்தினார்கள். யாரோ மிச்சம் பிடித்த கழிவுச் செலவை அன்று நாம் கட்டினோம். பாலாற்றுக் குடியானவர் முப்பது ஆண்டாகக் கட்டியதில் ஒரு துளியைச் சுவைத்தோம். நீரைக் கெடுப்பதற்கான அபராதத்தின் உச்சத்தை மலேசிய அரசாங்கம் 2024-ல் 1 கோடி ரிங்கிட்டாக உயர்த்தியிருக்கிறது.

நம் பங்கு என்ன? மலேசியாவில் மழைநீர்ச் சாக்கடை வேறு, மலக்கழிவுக் குழாய் வேறு. கடைக்குப் பின்னே இருக்கும் திறந்த சாக்கடை எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் நேரே ஆற்றுக்குப் போகிறது. மஸ்ஜித் இந்தியா வட்டாரத்துச் சாக்கடையில் ஊற்றிய எண்ணெய், கிள்ளானும் கோம்பாக்கும் கூடும் இடத்தில் 1909 முதல் நிற்கும் மஸ்ஜித் ஜாமிக்கின் படியை அன்றே தொட்டுவிடும்.

ஆகையால் உணவகம் வைத்திருக்கும் நம் அங்கத்தினர்கள் இம்மாதக் கடைசிக்குள் நான்கு காரியங்களைப் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். பாத்திரம் கழுவும் தொட்டியிலிருந்து போகும் குழாய், எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் பெட்டி வழியாகப் போகிறதா? அந்தப் பெட்டியை யார், எத்தனை நாளுக்கொரு முறை அள்ளுகிறார்? அள்ளியது மறுபடியும் பின்சாக்கடைக்கே போகிறதா? பொரித்து மிஞ்சிய எண்ணெயை உரிமம் பெற்ற கொள்முதல்காரரிடம் கொடுத்து ரசீது வாங்குகிறோமா? (அதற்கு விலையும் தருகிறார்கள், எரிபொருளாக மாற்றுகிறார்கள்.) பெட்டியை அள்ளும் கூலியைச் ‘சில்லறைச் செலவு’ என்ற தலைப்பில் ஒளிக்காமல், பேரேட்டில் தனிப் பக்கம் திறந்து, ‘தண்ணீர்’ என்று தலைப்பிட்டு எழுதுங்கள். ஆண்டுக் கடைசியில் அந்தப் பக்கம் காலியாக இருந்தால், பின்வாசலைத் திறந்து சாக்கடையை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.