ஓங்கிய கை

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. செஞ்சிப் பக்கத்து வல்லத்தில், மணி என்ற ஒரு வீட்டு நாய்க்குப் பந்து எடுத்துவரக் கற்றுக்கொடுக்கப் போனாய். பத்து நாளாகியும், பந்தை எறிந்த மறுநொடி மணி வாலை இடுக்கிக்கொண்டு மாட்டுக்கொட்டகை மூலைக்குப் போய்விடுகிறது. "நாட்டு நாய்க்கு இதெல்லாம் வராது" என்று வீட்டுக்காரர் சொல்ல, நீயும் பாதி நம்பிவிட்டாய் போலிருக்கிறது. அதனால்தான் உடனே எழுதுகிறேன். நாய் பழக்கும் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் மற்றவர்களும் படிக்கட்டும் என்று பத்திரிகைக்கும் கொடுக்கிறேன்.

தெருவில் பிறந்து, ஒரு வயதுக்குப் பிறகு வீட்டுக்குள் வந்த நாய் மணி என்று நீயே ஒரு வரி எழுதியிருக்கிறாய். எழுதிவிட்டு அடுத்ததற்குத் தாவிவிட்டாய். அந்த வரியில் கொஞ்சம் நின்றிருக்க வேண்டும்.

செஞ்சிப் பக்கம் கல்லுக்கா பஞ்சம்? ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்றும் பாறைமேல் பாறை ஏற்றி வைத்ததுபோல நிற்கிற ஊர். குனிந்தால் கையில் ஒரு கல் வரும். குனிகிற மனிதனைக் கண்டால் ஓடு என்பதுதான் தெருவில் வளரும் குட்டி கற்கும் முதல் பாடம். கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். நாயின் பக்கம் நின்று அதை ஒருமுறை சொல்லிப் பார்.

நீ பந்தை எடுக்கக் குனிகிறாய், கையை ஓங்குகிறாய், வீசுகிறாய். மணி உடம்பில் வாங்கிய கல்லெறிக்கும் இதே மூன்று அசைவுதான். போவது பந்தா கல்லா என்று நின்று பார்த்த குட்டிகள் அடிபட்டிருக்கும். ஆகவே எறிவதை நிறுத்து. சில வாரங்களுக்கு எதையுமே எறியாதே.

முதலில் கையைச் சரிசெய். தரையில் உட்கார். வேகவைத்த கோழி ஈரலைச் சின்னத் துண்டுகளாக வைத்துக்கொள். கையை இடுப்பு உயரத்துக்கு மெல்லத் தூக்கு; "இந்தா" என்று சொல்லி அதே கையால் ஒரு துண்டு கொடு. நம் வீட்டு நாய்க்கெல்லாம் தெரிந்த சொல் அது. அதைக் கேட்டால் ஏதோ கிடைக்கும் என்று அதற்குத் தெரியும். மறுநாள் மார்பளவு, அப்புறம் தோளளவு. எந்த உயரத்தில் காது பின்னால் மடிகிறதோ, அங்கிருந்து ஒரு படி இறங்கிவிடு. தடுப்பூசி போட்டாயிற்றா என்பதை மட்டும் முதல் நாளே வீட்டாரிடம் உறுதிசெய்துகொள்; வாய்க்கருகே கை வைக்கும் வேலை இது.

பிறகு பாடத்தைக் கடைசியிலிருந்து தொடங்கு. பழைய லுங்கித் துணியை இறுக்கி முடிச்சுப் போட்டு நீட்டு. முகர்ந்தால் ஈரல். பல்லில் பிடித்தால் ஈரல். பிடித்ததை உன் உள்ளங்கையில் விட்டால் இரண்டு துண்டு. இது நன்றாகப் பதிந்தபின் முடிச்சை ஒரு முழம் தள்ளித் தரையில் வை. எடுத்து வந்து கையில் போடட்டும். அப்புறம் உட்கார்ந்தபடியே உருட்டு. கடைசிப் படியை முதலில் கற்ற நாய், ஒவ்வொரு முறையும் தனக்குத் தெரிந்த இடத்தை நோக்கியே வருகிறது. அதனால் பயம் குறைகிறது. வீசுவது எல்லாவற்றுக்கும் பிறகு, அதுவும் கையைத் தாழ்த்தி.

வாயிலிருந்து ஒருபோதும் பிடுங்காதே. தொழிலுக்கு வந்த புதிதில் நான் பிடுங்கினேன். கன்னி இன நாய் ஒன்று, பந்தைக் கவ்விக்கொண்டு வட்டமடித்தது. துரத்திப் பிடித்து, தாடையைத் திறந்து எடுத்தேன். இரண்டே நாளில் என்னைக் கண்டாலே பந்தோடு வயலுக்குள் ஓடப் பழகிவிட்டது. அதைச் சரிசெய்ய ஒரு மழைக்காலம் முழுதும் ஆயிற்று. இன்றும் அந்த நாயை நினைத்தால் மனசு உறுத்துகிறது. கவ்விக்கொண்டு ஓடினால் நீ எதிர்ப்பக்கம் திரும்பி ஓடு, அது உன்னைத் துரத்தும். ஒரே மாதிரி இரண்டு பந்து வைத்துக்கொள். ஒன்றை விட்டால் மற்றது கிடைக்கும்.

"நாட்டு நாய்க்கு வராது" என்பதற்கு வருகிறேன். காண்பது, துரத்துவது, கவ்வுவது, சுமந்து திரும்புவது, விட்டுக்கொடுப்பது, இத்தனையும் சேர்ந்ததுதான் நீ கேட்கும் விளையாட்டு. கன்னியும் சிப்பிப்பாறையும் முயலின் பின்னால் ஓடவென்றே தெற்கத்திச் சீமையில் வளர்க்கப்பட்டவை. முதல் மூன்றும் அவற்றுக்கு ரத்தத்தில் இருக்கிறது. நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களோடு தண்ணீரில் வேலை செய்த நாய்களின் வழிவந்தது லாப்ரடார். 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில், சுட்ட பறவையைச் சிதைக்காமல் எடுத்துவரும் நாய்களாகத் தேர்ந்து தேர்ந்து வளர்த்தார்கள். ஆகவே லாப்ரடாருக்குப் பாதிப் பாடம் பிறவியிலேயே வருகிறது. மணிக்கு அதை நீ கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கையால் வளர்த்த 13 ஓநாய்க் குட்டிகளைச் சோதித்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். எட்டு வார வயதில், பயிற்சி எதுவும் இல்லாமல், முன்பின் தெரியாத ஆள் கூப்பிட 3 குட்டிகள் பந்தைக் கொண்டுபோய்க் கொடுத்தன. ஓநாய்க்கே அந்த விதை இருக்கும்போது மணிக்கு இல்லாமல் போகுமா?

வெயிலில் வேண்டாம். சித்திரை, வைகாசியில் விடிந்த ஒரு மணி நேரத்தோடு முடித்துவிடு. நாய் இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கிறது. வாயில் பந்து இருந்தால் அதுவும் சரியாக நடக்காது. குச்சியையும் எறியாதே, தொண்டையில் குத்திவிடும். மண்ணில் புரண்ட டென்னிஸ் பந்து பல்லைத் தேய்க்கும். வழவழப்பான ரப்பர் பந்து நல்லது, முழுங்க முடியாத அளவில்.

உங்கள் ஊரில் தேசிங்கு ராஜன் கதை கேட்டே வளர்ந்திருப்பாய். யாருக்கும் அடங்காத பாராசாரிக் குதிரையை டில்லியில் ஏறிய மாத்திரத்தில் அடக்கினான் என்று பாடுவார்கள். வீட்டுக்காரர் உன்னிடம் எதிர்பார்ப்பதும் அதைத்தான். அவரிடம் நேராகப் பேசு. நாளுக்கு இரண்டு வேளை, வேளைக்கு ஐந்து நிமிடம், நாய்க்கு இன்னும் ஆசை இருக்கும்போதே நிறுத்திவிடுவேன் என்று சொல். அவரையும் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் கையாலும் ஈரல் கொடுக்கச் சொல். நீ போனபிறகு மணியோடு இருக்கப்போவது அவர்தான்.

அடுத்த கடிதத்தில் பந்து எத்தனை அடி போனது என்று எழுத வேண்டாம். நீ கையைத் தூக்கும்போது மணியின் காது எப்படி இருக்கிறது என்று எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்