படைப்புக்கு ஒரு முகப்பு

நுழையும்முன்

வடிவமைப்பு, கட்டடக்கலை, ஒளிப்படக்கலை, எழுத்து முதலிய துறைகளில் மேற்படிப்புக்கோ பணிக்கோ செல்வோரிடம், மதிப்பெண் பட்டியலோடு அவர்தம் படைப்புகளையும் கேட்பது வழக்கம். முற்காலத்தில் ஓவியங்களையும் படங்களையும் பெரிய உறையிலிட்டுச் சுமந்து சென்றனர். இன்று அவ்வுறையின் இடத்தைத் தனிநபர் இணையதளம் பெற்றுள்ளது. அதனைப் படைப்புத் தொகுப்புத் தளம் எனலாம். பேச்சில் 'போர்ட்ஃபோலியோ' என்பர். அத்தளத்தின் பக்கங்களை அமைக்கும் முறையையும், அமைத்ததை உடன் பயில்வோரிடம் காட்டிக் கருத்துப் பெறும் முறையையும் இப்பாடத்தில் காண்போம்.

பாயிரமும் முகப்பும்

தமிழில் நூல் செய்தோர் நூலின் முன்னே பாயிரம் வைத்தனர். பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், சிறப்புப் பாயிரத்தில் எட்டுச் செய்திகள் இடம்பெற வேண்டும் என்கிறது. அவற்றுள் ஐந்து நமக்கு இங்கே வேண்டுவன: ஆக்கியோன் பெயர், நூற்பெயர், நுதலிய பொருள், கேட்போர், பயன். நுதலிய பொருள் என்பது நூல் எதனைப் பற்றியது என்பதாம்.

இவ்வைந்தையும் ஓர் இணையதளத்தின் முகப்புப் பக்கத்தின்மேல் வைத்துப் பாருங்கள். இதனைச் செய்தவர் யார்? இதற்குப் பெயர் என்ன? இதில் என்ன இருக்கிறது? யாருக்காகச் செய்யப்பட்டது? நான் அடுத்து எங்கே செல்லலாம், சென்றால் எனக்கு என்ன கிடைக்கும்? பார்வையாளர் திரையை விரலால் ஒருமுறை உருட்டுவதற்குள் இவ்வினாக்களுக்கு விடை தெரிந்துவிட வேண்டும். பக்க அமைப்பு என்பது வண்ணம் தீட்டும் வேலை மட்டுமன்று. அறிமுகமில்லாத ஒருவர் எதனை முதலில் காண வேண்டும், எதனைப் பின்னர்க் காண வேண்டும் என்று முடிவு செய்யும் வேலையே அதில் பெரும்பகுதி.

ஒரு மாணவியின் முதல் வரைவு

மும்பையில் பதினொன்றாம் வகுப்பில் பயிலும் ஒரு மாணவியைச் சான்றாகக் கொள்வோம். அவளுடைய பெற்றோர் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து குடிபெயர்ந்தோர். ஒளிப்படம் எடுப்பதில் நாட்டமுடைய அவளிடம் நாற்பது படங்கள் உள்ளன. மெரைன் டிரைவ் கடற்கரையில் கதிரவன் மறையும் காட்சிகள் சில. மழைக்காலத் தொடர்வண்டி நிலையங்கள் சில. பள்ளி விழாக்கள் சில. இவையன்றி மற்றொரு வரிசையும் உண்டு. தாராவியில் விடியுமுன் இட்லி அவித்து, அலுமினியப் பாத்திரங்களைச் சைக்கிளில் கட்டி, ரப்பர் பந்து பொருத்திய ஊதலை அழுத்தி ஒலியெழுப்பியவாறு தெருத்தெருவாகச் செல்லும் தமிழர்களின் படங்கள் அவை. அவர்களுள் ஒருவர் அவளுடைய மாமா.

அவள் கணினியைத் திறக்கவில்லை. முதலில் தாள்களை எடுத்தாள். இது நல்ல பழக்கம். தாளில் கைப்பேசி அளவுக்கு ஒரு நீள்சதுரம் வரைந்து, படம் வருமிடத்தில் பெருக்கற்குறியும் எழுத்து வருமிடத்தில் கோடுகளும் இட்டால் போதும். இதனைக் கோட்டுப்படம் என்பர். தாளில் வரைந்ததை அழிக்க மனம் தயங்காது. மூன்று நாள் உழைத்துத் திரையில் அமைத்ததை அழிக்க யாருக்கும் மனம் வாராது.

அவளுடைய முதல் வரைவு இவ்வாறு இருந்தது. திரை முழுவதையும் நிறைக்கும் கதிரவன் படம். அதன்மேல் வெளிர்சாம்பல் நிறத்தில், 'எனது இணையதளத்திற்கு வருகை தரும் உங்களை அன்புடன் வரவேற்கிறேன்' என்னும் வாக்கியம். அடுத்து, தமிழில் மட்டும் ஏழு தலைப்புகள் கொண்ட பட்டி. அதன்கீழ் மேலும் கதிரவன் படங்கள். இட்லி விற்போர் படங்கள் கடைசியில், 'பிற' என்னும் தலைப்பின்கீழ் இருந்தன.

திரையில் தமிழெழுத்து

உலகின் முதல் இணையதளத்தை டிம் பெர்னர்ஸ்-லீ, சுவிட்சர்லாந்திலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினார். 1991இல் அது பொதுவெளிக்கு வந்தது. அதில் எழுத்தும் இணைப்புகளும் மட்டுமே இருந்தன. 1994இல் ஹாகோன் வியூம் லீ என்பவர், பக்கத்தின் உள்ளடக்கத்தை ஓரிடத்திலும் அதன் தோற்றத்தை வேறோர் இடத்திலும் எழுதும் முறையை முன்மொழிந்தார். அதுவே இன்று சி.எஸ்.எஸ். எனப்படுகிறது. ஒரே உள்ளடக்கம் கணினித் திரையில் மூன்று பத்தியாகவும் கைப்பேசியில் ஒரு பத்தியாகவும் மாறி நிற்பது இப்பிரிவினால்தான். எனவே, சொல்ல வேண்டியதை முதலில் எழுதி முடித்துவிட்டுத் தோற்றத்தைப் பிறகு எண்ணுவதில் தடையேதும் இல்லை.

ஆங்கிலப் பக்கத்திற்கென வகுத்த அளவுகளை அப்படியே தமிழுக்கு இட்டால் இடர் தோன்றும். கி, கீ போன்ற எழுத்துகளின் விலங்கு மேலே எழும். கு, ரு, ழு போன்றவற்றின் கோடு கீழே இறங்கும். வரிகள் நெருங்கி நின்றால் மேல்வரியின் காலும் கீழ்வரியின் தலையும் முட்டிக்கொள்ளும். எழுத்தளவைப்போல் ஒன்றரை மடங்குக்குக் குறையாத வரியிடைவெளி தமிழுக்கு வேண்டும்.

தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆங்கிலத்தில் நான்கெழுத்தில் 'ஒர்க்' என்று முடிவது தமிழில் 'படைப்புகள்' என விரியும். வடிவமைப்போர் கணக்கில் கைப்பேசித் திரையின் அகலம் பெரும்பாலும் 360 முதல் 430 பிக்சல் வரைதான். அதில் ஏழு தமிழ்த் தலைப்புகள் ஒரே வரியில் அடங்கா. மூன்று அல்லது நான்கு போதும். அச்சு நூல்போல் இருபுறமும் வரியைச் சீராக்கும் ஆசையும் வேண்டா. குறுகிய திரையில் நீண்ட சொற்களுக்கிடையே பள்ளம் பள்ளமாக வெற்றிடம் விழும். இடப்புறம் சீராக்கி வலப்புறத்தைத் தன்போக்கில் விடுவதே நன்று.

வலைத்தரங்களை வகுக்கும் டபிள்யூ த்ரீ சி அமைப்பின் நெறிமுறைகள், வழக்கமான அளவுள்ள எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்கின்றன. கதிரவன் படத்தின்மேல் வெளிர்சாம்பல் எழுத்து இவ்வளவை எட்டாது. தமிழ்த் தலைப்புகளை அழகாக வரைந்து படமாக ஒட்டுவோரும் உளர். அதனையும் தவிர்க்க. தமிழ் 1991 முதலே ஒருங்குறியில் இடம்பெற்றுள்ளது. ஒருங்குறியில் தட்டச்சு செய்த எழுத்தைத் தேடுபொறி கண்டறியும்; பார்வையற்றோர்க்கு வாசித்துக் காட்டும் மென்பொருளும் படிக்கும்.

தன்னொடு கற்றோர்

தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரத்தைப் பாடியவர் பனம்பாரனார். தொல்காப்பியரோடு உடன் பயின்றவர் அவர் என்பது மரபு. அந்நூல் பாண்டியன் அவையில், அதங்கோட்டு ஆசான் கேட்டுக் குற்றம் நீங்க ஆராய, வெளியானது என்று அப்பாயிரம் உரைக்கிறது. சிறப்புப் பாயிரம் செய்தற்குரியோர் யாவர் எனக் கூறும் நன்னூலும், ஆசிரியரையும் மாணாக்கரையும் உரைகாரரையும் போலவே தன்னொடு கற்றோனையும் சேர்க்கிறது. ஆக, உடன் பயில்வோரின் சொல்லுக்கு மதிப்பளிப்பது நமக்குப் புதிதன்று.

ஆயினும் அச்சொல்லைப் பெறுவது எளிதன்று. 'எப்படி இருக்கிறது?' என்று நண்பரைக் கேட்டால் 'அருமை' என்பார். அவர் பொய் கூறவில்லை, நட்பைக் காக்கிறார். வினாவை மாற்ற வேண்டும். பக்கத்தை ஐந்து நொடி காட்டி மூடிவிட்டு, 'என்ன கண்டாய்?' என்று கேளுங்கள். அடுத்து ஒரு வேலை கொடுங்கள்: 'இவர் எடுத்த படங்களுள் ஒன்றைப் பற்றிய விளக்கத்தைக் கண்டுபிடி.' அவர் தேடும்போது வாய் திறவாதீர்கள். இதுவே மிகக் கடினம். 'அங்கே இல்லை, இங்கே அழுத்து' என்று சொல்ல நாக்குத் துடிக்கும். நாளை அறியாத ஒருவர் தளத்தைத் திறக்கும்போது நீங்கள் அருகில் இருக்கமாட்டீர்கள் என்பதனை எண்ணிப் பொறுத்திருங்கள். எத்தனை பேரிடம் காட்டுவது? பயன்பாட்டியல் அறிஞர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதிய கட்டுரையில், பதினைந்து பேரிடம் ஒரே முறை சோதிப்பதினும் ஐவரிடம் காட்டித் திருத்தி, மீண்டும் வேறு ஐவரிடம் காட்டுவதே பயனுடையது என்றார்.

நம் மாணவி வகுப்புத் தோழர் நால்வரிடமும், காணொளி அழைப்பில் ஊரிலுள்ள ஆச்சியிடமும் காட்டினாள். ஐந்து நொடிக்குப்பின் மராத்தித் தோழி ஒருத்தி, 'இது சுற்றுலா நிறுவனத்தின் தளமா?' என்று வினவினாள். இரண்டாமவனுக்குப் பட்டியே விளங்கவில்லை. அவனுக்குத் தமிழ் தெரியாது. மூன்றாமவள் வரவேற்பு வாக்கியத்தைப் படிக்கவே இல்லை. தன் பேரனின் கைப்பேசியில் தளத்தைத் திறந்த ஆச்சி, 'எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வது போல இருக்கிறதே தாயி, உன் மாமன் படம் எங்கே?' என்றார்.

நால்வரின் விரல்களும் கதிரவன் படங்களை விரைந்து தள்ளிவிட்டுப் போயின. இட்லி விற்போர் படங்களில் நின்றன. 'இவர் எத்தனை மணிக்கு எழுவார்?', 'இவ்வளவு பாத்திரமும் சைக்கிளில் எப்படி நிற்கிறது?', 'இவரை உனக்குத் தெரியுமா?' எனக் கேள்விகள் எழுந்தன. கதிரவனைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுச் செய்தி பிறர்க்கு எதற்கு என்று எண்ணி அவள் கடைசியில் ஒளித்து வைத்தவையே பார்த்தோரைப் பிடித்து நிறுத்தின. அங்கே நிற்பவர் தன் மாமா என்று அவள் ஓரிடத்திலும் எழுதியிருக்கவில்லை.

குறைகளைக் குறித்துக்கொள்ள அவள் நன்னூல் கூறும் நூற்குற்றங்களின் பெயர்களையே கையாண்டாள். ஒரே கடற்கரை ஒன்பது படங்களில் வந்தது, கூறியது கூறல். வரவேற்பு வாக்கியம், மிகைபடக் கூறல். மாமாவைப் பற்றி ஒரு வரியும் இல்லாதது, குன்றக் கூறல். சுற்றுலாத் தளமோ என எண்ணச் செய்தது, மயங்க வைத்தல். 'பிடிக்கவில்லை' என்பதைக் காட்டிலும் இச்சொற்கள் மனத்தைப் புண்படுத்தாமல் குறையின் இடத்தைச் சுட்டுகின்றன.

எதனை ஏற்பது?

எல்லாக் கருத்தையும் ஏற்க வேண்டுவதில்லை. ஒருவன் படங்கள் பறந்து வந்து நிற்க வேண்டும் என்றான். அவள் அதனை விட்டுவிட்டாள். மற்றொருவன், 'கல்லூரியில் பார்ப்போருக்குத் தமிழ் தெரியாது. தமிழை முழுவதும் எடுத்துவிடு' என்றான். இதனைப் பற்றி அவள் நெடுநேரம் எண்ணினாள். அவன் சுட்டிய இடர் உண்மையானது: தமிழறியாதவர் வழிதவறுகிறார். அவன் கூறிய தீர்வு அவளுக்குப் பொருந்தவில்லை: தமிழை எடுத்தால் ஆச்சியும் மாமாவும் அத்தளத்திற்கு வெளியே நிற்பர். முடிவில், பட்டியின் நான்கு தலைப்புகளையும் இரு மொழியிலும் வைத்தாள். இட்லி வரிசையின் விளக்கங்களைத் தமிழில் முதலிலும் ஆங்கிலத்தில் அதன்கீழும் அமைத்தாள். என் எண்ணத்தில் அது சரியான முடிவே.

புதிய முகப்பில் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டும் இரு கைகளின் படம் மட்டும் உள்ளது. அதன்கீழே, 'விடியலில் இட்லி' என்னும் தலைப்பும், எடுத்தவள் யார், படத்திலிருப்பவர் அவளுக்கு யார் என்னும் இரண்டு வரிகளும் உள்ளன. நாற்பது படங்களுள் பன்னிரண்டே எஞ்சின. வெளியிடுமுன் மாமாவிடம் இசைவு கேட்டாள். அவர் இசைந்தார்; உடன் தொழில் செய்வோரின் முகமும் தாம் செல்லும் தெருக்களின் பெயரும் வேண்டா என்றார். அவ்வாறே நீக்கினாள். தன் வீட்டு முகவரி, கைப்பேசி எண், பள்ளியின் பெயர் ஆகியவற்றையும் இடவில்லை. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதோரைக் குழந்தை என்றே கொள்கிறது. ஆகவே தளம் தொடங்குமுன் பெற்றோரிடம் கூறுவது கட்டாயம். தொடர்புக்கு அவள் தந்திருப்பது தாயும் பார்க்கும் ஒரு மின்னஞ்சல் முகவரியை.

சொற்பொருள்

நாட்டம் – விருப்பம். நுதலிய – கருதிய. விலங்கு – இகர ஈகார உயிர்மெய்யின் மேற்குறி. இசைவு – ஒப்புதல். எஞ்சின – மிஞ்சின. இடர் – துன்பம், சிக்கல்.

பயிற்சி

1. முகப்புப் பக்கத்திற்கும் சிறப்புப் பாயிரத்திற்கும் உள்ள ஒப்புமையை விளக்குக.

2. 'தமிழை எடுத்துவிடு' என்ற தோழனின் கருத்தில் மாணவி ஏற்றது எது, மறுத்தது எது? நீங்கள் அவளிடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்?

3. பின்வரும் குறைகள் எக்குற்றத்தின்பாற்படும் எனக் காரணத்துடன் எழுதுக: (அ) ஒரே பரிசைப் பற்றி மூன்று பக்கங்களில் கூறுதல். (ஆ) ஓவியத் தொகுப்பில் ஓவியர் பெயர் இல்லாமை.

4. உங்கள் வீட்டிலோ தெருவிலோ நீங்கள் நன்கறிந்த ஒரு தொழிலையோ கலையையோ பற்றிய தளத்திற்குக் கைப்பேசி அளவில் மூன்று கோட்டுப்படங்கள் வரைக. அவற்றைத் தமிழறிந்த இருவரிடமும் தமிழறியாத இருவரிடமும் காட்டுக. அவர்கள் கூறியதை இடப்பக்கத்திலும், அவர்கள் விரல் சென்ற வழியை வலப்பக்கத்திலும் எழுதுக. இரண்டும் மாறுபடும் இடங்களை அடிக்கோடிட்டு, மறுவகுப்பில் உங்கள் நான்காவது கோட்டுப்படத்துடன் கொண்டுவருக.