ரொட்டிக்குப் பூண்டுச் சீஸ்

பேக்கரி சரக்கோடு பூண்டுச் சீஸும் வைக்கலாமா என்று நினைக்கும் கடைக்காரர்களுக்கு முதலில் செய்முறை. ஒரு முழுப் பூண்டைத் தோலோடு எண்ணெய் தடவி, மூடிய வாணலியில் சிறு தீயில், அழுத்தினால் நசுங்கும் வரை சுட வேண்டும். தோல் நீக்கி மசித்து, 200 கிராம் மென்மையான ஆட்டுப்பால் சீஸ், மிளகுத்தூள், ஒரு கரண்டி ஆலிவ் எண்ணெயோடு குழைத்தால் போதும். சீஸிலேயே உப்பு உண்டு. ருசி பார்த்துச் சேர்க்கவும்.

நாம் யோசிக்க வேண்டியது விற்கும் விதத்தை. மண்ணிலிருந்து பூண்டில் ஒட்டி வரும் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் அடுப்புச் சூட்டில் சாவதில்லை. காற்றுப் படாத எண்ணெய்க்குள், குளிரில்லாமல் கிடந்தால் அவை பெருகிக் கடும் நஞ்சை உண்டாக்கும். மணமோ நிறமோ காட்டிக்கொடுக்காது. 1985-இல் கனடாவின் வான்கூவர் நகர உணவகம் ஒன்றில், குளிரூட்டாமல் வைத்த எண்ணெய்ப் பூண்டால் 36 பேர் பாதிக்கப்பட்டனர். 1989-இல் அமெரிக்க அரசு இத்தகைய சரக்கில் அமிலம் சேர்க்க வேண்டுமென்று உத்தரவிட்டது.

ஆகவே சிறிது சிறிதாகச் செய்து, டப்பாவில் தேதி எழுதி, 4 டிகிரிக்கு மேற்படாத குளிர்பெட்டியில் வைத்து, மூன்று நாளில் விற்றுவிட வேண்டும். அழகுக்காக மேலே எண்ணெய் ஊற்றி மேசையில் அடுக்கவே கூடாது. இரவெல்லாம் கரண்ட் போய்விட்டால், மீந்ததை மறுநாள் விலை குறைத்துத் தள்ளத்தான் மனம் வரும். நாலு டப்பாவையும் கொட்டிவிடுங்கள்.