மஞ்சள் காமாலைக்கு மருந்தில்லை என்று சொன்னது யார்?

"மஞ்சக்காமாலைக்கு இங்கிலீஷ் மருந்தே கெடையாதாமே, டாக்டரம்மா?"

இந்தக் கேள்வியை நான் கேட்காத வாரமில்லை. காசிமேட்டுக்காரர் கேட்கிறார், திருவொற்றியூர்த் தேரடிக்காரர் கேட்கிறார், எண்ணூர் தாழங்குப்பத்திலிருந்து வருகிறவரும் கேட்கிறார். சென்ற மாதம் கேட்டவர், கணவரைக் கைத்தாங்கலாக ஸ்கேன் அறைக்குள் அழைத்துவந்த ஒரு பெண். கணவருக்கு ஐம்பத்தெட்டு வயது. கண்ணும் தோலும் மஞ்சள், உடம்பெல்லாம் சொறிந்த தழும்பு. ஆறு வாரம் கீழாநெல்லி, உப்பில்லாப் பத்தியம், இரண்டு முறை மந்திரிப்பு. பதினோரு கிலோ இளைத்திருந்தார். வலி இல்லை, அதனால் பயமும் இல்லையாம். ஸ்கேனில் பித்தக்குழாய் வீங்கிக் கிடந்தது. கணையத்தின் தலையில் கட்டி.

ஆகவே இந்த வாரம் நயமாக எழுதுவதாக இல்லை.

நம்பிக்கை 1: காமாலைக்குக் கீழாநெல்லிதான்; ஆஸ்பத்திரியில் மருந்து கிடையாது.

உண்மை: மஞ்சள் காமாலை ஒரு நோயே இல்லை. காய்ச்சலைப் போல அதுவும் ஓர் அறிகுறி. கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தம் கொண்டுபோகும் குழாய், கணையத்தின் தலையை ஒட்டித்தான் இறங்குகிறது. அங்கே கட்டி வந்தால் குழாய் நசுங்கும். போக வழியில்லாத பித்தம் இரத்தத்தில் ஏறும். கண் மஞ்சளாகும், சிறுநீர் கட்டன் டீ நிறமாகும், மலம் களிமண்போல வெளுக்கும், தோல் அரிக்கும். நசுங்கிய குழாயை எந்தப் பச்சிலைச் சாறு திறந்துவிடும்?

"பக்கத்து வீட்டுக்காரருக்குச் சரியாச்சே!" ஆகியிருக்கும். அவருக்கு வந்தது பெரும்பாலும் ஹெபடைடிஸ் ஏ அல்லது ஈ. குடிதண்ணீரில் சாக்கடை கலக்கிற நம் தெருக்களுக்குப் பழகிப்போன வைரஸ்கள். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே அடங்கிவிடும். "தனியா மருந்து வேண்டாம், ஓய்வெடுங்க" என்று டாக்டர் சொன்னது, தெருமுனை தாண்டுவதற்குள் "மருந்தே இல்லை" என்றாகிவிட்டது. கீழாநெல்லிக்குப் பேர் கிடைத்ததோ, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

"லான்செட்லயே வந்திருக்கு" என்று வாட்ஸ்அப்பை நீட்டுவோரும் உண்டு. வந்தது உண்மைதான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு, ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்குடன் சேர்ந்து 1988-இல் வெளியிட்ட ஆய்வு அது. கீழாநெல்லி பெற்றவர்களில் 59 சதவீதம் பேரின் இரத்தத்தில் அந்த வைரஸின் அடையாளம் மறைந்தது. வெற்று மருந்து பெற்றவர்களில் 4 சதவீதம் பேருக்குத்தான். பிறகு வேறு நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதைவிட முக்கியம், அது ஹெபடைடிஸ் பி பற்றிய ஆய்வு. கணையக் கட்டிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

ஆறு வாரத்தின் விலை தெரியுமா? கணையப் புற்று கண்டுபிடிக்கப்படும்போது அறுவை சிகிச்சை செய்யும் நிலையில் இருப்பவர்கள் 15 முதல் 20 சதவீதம் பேர்தான். கணையத்தின் வால் பக்கம் வரும் கட்டி கடைசிவரை மூச்சுக்கூட விடாது. தலைப்பக்கக் கட்டியோ மஞ்சளைக் காட்டித் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கிறது. அந்தச் சாட்சியைத்தான் சாறு கொடுத்து உட்கார வைக்கிறோம்.

வலியில்லாத மஞ்சள், வெளுத்த மலம், அரிப்பு, இளைப்பு. ஐம்பதுக்கு மேல் திடீரென்று சர்க்கரை வந்து கூடவே எடையும் குறைவது. இவற்றில் எது தெரிந்தாலும் உடனே இரத்தப் பரிசோதனை, அல்ட்ராசவுண்ட். அடைப்பு இருந்தால் சி.டி. மலத்தின் நிறத்தைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். நாங்கள் கூச்சப்படாமல்தான் கேட்கிறோம்.

மருந்தில்லையா? எண்டோஸ்கோப்பி வழியாக ஸ்டென்ட் வைத்தால் அடைத்த பித்தம் இறங்கும். கட்டி பரவாமல் இருந்தால் விப்பிள் அறுவை சிகிச்சை, அதன்பின் கீமோ. இராயபுரத்துக்காரர்கள் இதற்காக ஊர் தாண்ட வேண்டாம். பக்கத்து ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே இரைப்பை குடல் அறுவை சிகிச்சைத் துறை இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

நம்பிக்கை 2: கத்தி பட்டால் புற்று பரவிவிடும்.

உண்மை: சி.டி. இல்லாத காலத்தில், திறந்து பார்த்தபின்தான் பரவியது தெரிந்தது. பழி கத்தியின் மேல் விழுந்தது. இந்த நோயில் முழுக் குணத்துக்கு வாய்ப்புத் தருவதே அறுவைதான்.

நம்பிக்கை 3: புற்று வருவதெல்லாம் எண்ணூர் ஆலைப் புகையால்.

உண்மை: வெளிக்காற்று மாசு நுரையீரல் புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2013-இலேயே அறிவித்துவிட்டது. போராடுங்கள், நானும் வருகிறேன். ஆனால் கணையத்துக்கு உறுதியான எதிரி புகையிலை. சட்டைப்பையில் இருக்கும் பீடியைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கொடி பிடியுங்கள்.

நம்பிக்கை 4: மருத்துவ ஆய்வில் சேர்ந்தால் சோதனை எலி ஆக்கிவிடுவார்கள்.

உண்மை: எலியிடம் யாரும் கையெழுத்து வாங்குவதில்லை. உங்களிடம் வாங்கியாக வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தரவேண்டும் என்கின்றன 2019-இன் விதிகள். புற்றுநோய் ஆய்வுகளில் பொதுவாக, இருக்கிற நல்ல சிகிச்சையோடுதான் புதியதை ஒப்பிடுவார்கள்; சும்மா விட்டு வேடிக்கை பார்ப்பதில்லை. பிரான்ஸிலும் கனடாவிலும் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2018-இல் வந்தது. அறுவைக்குப் பின் பழைய கீமோ பெற்றவர்களில் பாதிப் பேர் 35 மாதம் தாண்டினார்கள்; புதிய கூட்டு மருந்தில் பாதிப் பேர் 54 மாதம் தாண்டினார்கள். யாரோ சேர்ந்ததால்தான் அந்த 19 மாதம் நமக்குத் தெரிந்தது. ஆய்வு என்றால் உத்தரவாதம் இல்லை. ஆனாலும் "எனக்குப் பொருந்தும் ஆய்வு ஏதாவது இருக்கா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் யாரும் இலவசமாகத் தேடலாம். கீழாநெல்லிக்கே ஆய்வு நடந்த ஊர் இது. நமக்கு என்ன தயக்கம்?

கைத்தாங்கலாக வந்த அந்தக் கணவருக்கு அறுவைக் கட்டம் தாண்டிவிட்டது. ஸ்டென்ட் வைத்தபின் அரிப்பு நின்று, தூங்குகிறார், கீமோ தொடங்கியிருக்கிறது. போன வாரம் அவர் மனைவி கேட்டார்: "வாசல்ல வச்ச கீழாநெல்லியைப் பிடுங்கிடவா?"

செடி இருந்துட்டுப் போகட்டும் என்றேன். அடுத்த முறை யாராவது கண் மஞ்சளாகி அதைக் கேட்டு வந்தால், பறித்துக் கொடுக்காமல் ஸ்கேனுக்கு அனுப்பும்மா.